அலுமாரிக்குப் பின்னால் மடிந்திருந்த வாத்துகள்

மகன்,

இந்தக் கடிதத்தை அம்மாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நான் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மாவையும் முழுதாக நம்பாமல் உறையை இரண்டு தரம் பசை பூசி ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய இடம் சுருங்கியிருந்தால் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவியில் பிடித்துத் திறந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள். பலெர்மோவுக்குள் இங்கே போர்கோ வெக்கியோவிலிருந்து நீ இருக்கும் மொண்டெல்லோவுக்கு ஒரு பஸ் தூரம்தான், வந்து நேரே சொல்லியிருக்கலாம். நீ வேலை செய்யும் சாப்பாட்டுக் கடை வாசல்வரை இரண்டு தரம் வந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று நீ மீன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன், மெலிந்துவிட்டாய், திரும்பிவிட்டேன். என் தொலைபேசியை நீ எடுப்பதில்லை. ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் சாப்பாட்டு மேசையில் தர்சினியைப் பற்றி நான் சொன்ன சொல்லைக் கேட்ட எந்த ஆண்பிள்ளையும் எடுக்கமாட்டான்.

தை மாதம் உங்கள் கலியாணம். அம்மா சேலை எடுத்துவிட்டாள், எனக்குக் காட்டாமல் அலுமாரியில் வைத்திருக்கிறாள், நான் பார்த்துவிட்டேன். "அப்பா வரட்டோ எண்டு கேட்டன். அவன் ஒண்டும் கதைக்கேல்லை" என்று வந்து சொன்னாள். நான் அழைப்புக் கேட்டு இதை எழுதவில்லை. முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். கேட்டபிறகு வா என்பதும் வராதே என்பதும் உன் கையில். ஆனால் கடைசிவரை படி. நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது என்று அம்மா சொல்வாள். "பாதர் தீர்த்தம் தெளிச்சாலும் அது பைப் தண்ணியோ எண்டு யோசிக்கிற மனிசன்" என்று கோயில் வாசலில் வைத்தே சொல்லிச் சிரித்திருக்கிறாள். கூடப் பிறக்கவில்லை. அது வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு இருபத்தொரு வயது. மன்னாரில் ஒரு குளக்கட்டு வழியாக நானும் அந்தோனியும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். அந்தோனி யாரென்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அக்கரை நாணலுக்குள்ளிருந்து பறவைகள் திடீரென்று எழும்பின. வரிசை கலைந்து, ஒன்றோடொன்று இடிபட்டு எழும்பின. "திரும்படா, அங்கை ஆரோ இருக்கிறாங்கள்" என்றேன். "உனக்கு விசர்" என்று சிரித்துவிட்டு அவன் மிதித்துப் போனான். நான் திரும்பினேன். நாணலுக்குள் ஆமிக்காரர் இருந்தார்கள். அந்தோனி வீட்டுக்கு வரவேயில்லை. என் சந்தேகம் அன்று ஒரு தரம் சரியாகப் போனது. அந்த ஒரு தரத்தை வைத்துக்கொண்டே நாற்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

என் முதலாளியம்மா சின்யோராவின் வீட்டு மடிப்புத் திரையை நீ மறந்திருக்கமாட்டாய். பள்ளிக்கூடம் விட்டதும் நான் வேலை முடிக்கும்வரை அந்தச் சாப்பாட்டு அறையில்தானே இருப்பாய். சின்யோராவின் பாட்டனார் கப்பலில் யப்பானுக்குப் போய் வந்தபோது கொண்டுவந்தது. என் உயரத்துக்கு ஆறு மடிப்பு. தங்கத் தகடு ஒட்டிய கடதாசியில் நாணல், தண்ணீர், வெள்ளை நிலா, வலது ஓரத்தில் ஒரு பைன் மரம், ஆகாயத்தில் காட்டு வாத்துகள். அறை ஒடுக்கம் என்பதால் நாலு மடிப்புத்தான் விரிந்திருக்கும். இடதுபக்கத்துக் கடைசி இரண்டும் பெரிய அலுமாரிக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். இருபத்தாறு வருடம் அந்த வீட்டில் வேலை செய்தும் அவற்றை நான் கண்டதில்லை. அலுமாரியை இடம்விட்டு அரக்கச் சின்யோரா விடமாட்டா. ஷிரோக்கோ காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில் மெல்லிய தூரிகையால் அந்த நாலு மடிப்பையும் தட்டிவிடுவது என் வேலை. ஈரத்துணி ஆகாது, கை படக்கூடாது.

பைன் மரம் குளிரிலும் பச்சை மாறாதது, அதனால் யப்பானில் அது நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்று சின்யோரா முதல் வருடமே சொல்லித் தந்தா. மூங்கில் வளையும், முறியாது. பிளம் பூ பனிக்குள்ளேயே பூக்கும். நாணலும் நிலாவும் காட்டு வாத்தும் சேர்ந்து வந்தால் இலையுதிர்காலம். அங்கே ஒரு பூவையும் சும்மா வரைவதில்லை என்றா. எனக்கு அது நன்றாகப் பிடித்தது. சும்மா ஒன்றுமே இல்லை என்பதுதானே என் கட்சியும். ஆனால் என் கண் போனது வாத்துகளில். வரிசை கலைந்திருந்தது. ஒன்று தலைகீழாகப் புரள்கிறது. கீழே அடர்ந்த நாணல். அதற்கு மேலே வரைந்தவன் இடைக்கிடை தங்க மேகம் போட்டு மூடியிருக்கிறான். "அந்த மேகத்துக்குக் கீழ என்ன இருக்கு, சின்யோரா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை. அது கண்ணுக்கு ஓய்வு" என்றா. ஒன்றுமில்லாத இடத்தை எவனாவது தங்கம் போட்டு மூடுவானா என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

நான் நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஏழு வயதில் உன்னைத் தூக்கிப் பிடித்து, "வடிவாப் பார். பறவை ஏன் குழம்புது? புல்லுக்குள்ள ஆர் ஒளிச்சிருக்கினம்?" என்று கேட்டவன் நான்தான். தகப்பன்மார் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள். நான் நிலாவுக்குக் கீழே ஆமிக்காரனின் துவக்கு இருக்கிறது என்று காட்டினேன். பிறகு ஒருநாள் உன் பள்ளிக்கூட ஆசிரியை என்னைக் கூப்பிட்டு நீ கீறிய படத்தை மேசையில் வைத்தா. நாணல், வாத்து, ஒவ்வொரு நாணலுக்கும் பின்னால் ஒரு கண். "இந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறான்?" என்று அவ கேட்டா. இவ எதற்கு இதையெல்லாம் கேட்கிறா, குவெஸ்துராப் பொலிசுக்குச் சொல்லி எங்கள் பெர்மெஸ்ஸோவில், வதிவிட அனுமதியில், கை வைக்கப் போகிறாவோ என்று நினைத்து, அடுத்த வருடம் உன்னை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினேன். உனக்கு அங்கே இருந்த ஒரே கூட்டாளியையும் அதோடு இழந்தாய். நீ ஏனென்று கேட்டபோது "பஸ் வசதி" என்றேன். பொய், தம்பி. அந்த ஆசிரியை நல்ல மனுசி.

இப்படிப்பட்டவன் வேலை செய்யும் வீட்டுக்குத்தான் தர்சினி வந்தாள். போன வருடத்துக்கு முந்தின இலையுதிர்காலம், சின்யோரா விழுந்து இடுப்பு முறிந்தபிறகு, பக்கத்திலிருந்து பார்க்க ஆள் வேண்டும் என்று வைத்தார்கள். வன்னிப் பெட்டை என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு முதல் நாளே கணக்குச் சரிவரவில்லை. கதவைப் பார்த்தபடிதான் உட்காருவாள், முதுகு எப்போதும் சுவர்ப்பக்கம். எந்த வெயிலிலும் நீளக் கைச் சட்டை. சொந்தக்காரர் ஒருவரைப் பற்றியும் வாயில் வராது. "யுத்தம் முடியேக்கை பிள்ளைக்கு எத்தினை வயசு?" என்றேன். "பதினேழு, ஐயா." "பிறகு?" "பிறகு முகாம்." "அதுக்குப் பிறகு?" "கொழும்பில வேலை." முகாமுக்கும் கொழும்புக்கும் நடுவில் மூன்று வருடம் காணாமல் இருந்தது. நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், மூன்று வருடம்தான். ஒழுங்கான மனிதன் என்றால் "அந்த மூண்டு வருஷம் எங்கை அம்மா இருந்தனி?" என்று அவளிடமே கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வாளா என்று ஒரு சந்தேகம்.

அந்த மார்கழி முழுவதும் நான் மன்னாரில், பெரியம்மாவின் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து ஒருநாள், அவள் குசினியில் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதைக் கண்டேன். இடது கையில், முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு. என்னைக் கண்டதும் சட்டையை இழுத்துவிட்டாள். சரி, அந்த மூன்று வருடத்தின் முத்திரை இதுதான் என்று நான் முடிவு கட்டினேன். என்னத்தைக் கண்டு கட்டினேன்? தோலில் ஒரு சுருக்கம், அவ்வளவுதான். பிறகு நீ என்னை ஏற்றிப்போக வரும் நாட்களில் அவளோடு வாசலில் நின்று கதைக்கத் தொடங்கினாய். பிறகு என்னை ஏற்ற வேண்டாத நாட்களிலும் வந்தாய். போன சித்திரையில் வந்து, "அப்பா, எனக்குத் தர்சினியைக் கலியாணம் செய்ய விருப்பம்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "விசாரிப்பம்" என்றேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. கலியாணம் என்றால் பெண்ணிடம் கேட்கமாட்டார்கள், பெண்ணைப் பற்றிக் கேட்பார்கள். நான் மன்னாரில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். என் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. "மச்சான், ஒரு வன்னிப் பெட்டையைப் பற்றி அறியவேணும். பேர் தர்சினி. இடது கையில முழங்கைக்குக் கீழ பெரிய தழும்பு. முகாமில இருந்தவள். அங்கை சில பெட்டையள் ஆக்களைக் காட்டிக்குடுத்ததாமே, இவளும் அப்பிடி ஏதுமோ எண்டு விசாரிச்சுப் பார்." மச்சான் கேட்டான், "ஏன், அப்பிடி ஒரு கதை இருக்கோ?" "இல்லையடாப்பா, சும்மா கேக்கிறன்" என்றேன். என்ன சும்மா? கல்லை எறிந்துவிட்டுச் சும்மா எறிந்தேன் என்று சொல்வது போலத்தான்.

இரண்டு கிழமை கழித்து ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, பாட்டுக்குழுவில் படிக்கும் எமில்டா அக்கா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டா. அவவுக்கும் மன்னாரில் ஆட்கள். "தம்பி, சொல்லிறன் எண்டு குறை நினைக்காதை. உங்கடை பெடியன் விரும்புற பெட்டை முகாமில தலையாட்டியா இருந்தவளாம். ஊரிலையிருந்து கதை வந்திருக்கு. இடது கையில ஒரு தழும்பாம், அதை வைச்சுத்தான் ஆக்கள் அடையாளம் சொல்லுகினம்." நான் பயந்தேன் என்று நினைக்காதே. உண்மையைச் சொல்லப்போனால் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்ற சந்தோஷம். தழும்புவரைக்கும் பொருந்துகிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்று இரவுச் சாப்பாட்டில் உனக்குச் சொன்னேன்.

நீ இங்கே வளர்ந்தவன், அந்தச் சொல்லின் பாரம் உனக்கு முழுதாகத் தெரியாது. தலையாட்டி என்றால், ஒருவருக்குச் சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஊர் ஆட்களை வரிசையாக அவர் முன்னால் நடத்துவார்கள். அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடினால் எதிரே நிற்பவன் போனான். யாரென்று தெரியாது, ஏனென்று கேட்கமுடியாது. எங்களுக்குள் ஒருத்திக்கு அந்தப் பெயரை வைப்பதைவிட அவளைக் கொன்றுவிடலாம். அதை நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். "மா கே தீச்சி!" என்று, என்ன கதை இது என்று, நீ இத்தாலியனில் கத்தினாய், கோபம் வந்தால் உன் தமிழ் ஓடிவிடும். பிறகு, "அவளிட்டைக் கேட்டீங்களா?" என்றாய். "கேட்டால் சொல்லுவாளே?" என்றேன். நீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினாய். உன் தட்டில் பாதிச் சோறு இருந்தது, அம்மா அதை மறுநாள்வரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் பூசைக்கு வந்தால் அவள் இருந்த வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் முன் வாங்குக்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை. வுச்சீரியாவில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் கூட இருந்த பெட்டைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவள் கோயிலுக்கு வருவதையும் விட்டாள், சின்யோரா வீட்டு வேலையையும் விட்டாள். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். குற்றமுள்ளவள் ஒதுங்குகிறாள் என்று அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டேன். சந்தேகக்காரனுக்கு எல்லாமே சாட்சிதான், மகன். நின்றால் ஒரு சாட்சி, போனால் ஒரு சாட்சி.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். போன மாதம் திரையின் மடிப்பைப் பிடித்திருக்கும் கடதாசி கிழிந்துவிட்டது. பழைய படங்களைத் திருத்தும் ஒரு பெண்ணைச் சின்யோரா ரோமிலிருந்து வரவழைத்தா. முழுத் திரையையும் விரிக்கவேண்டும், பிடிக்க மெல்லிய கை வேண்டும் என்று சொல்லித் தர்சினியையும் கூப்பிட்டுவிட்டா. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் லீவு எடுப்பேன் என்று கிழவிக்குத் தெரியும். கதவைத் திறந்தால் தர்சினி நிற்கிறாள். "வணக்கம், ஐயா" என்றாள். நான் வழிவிட்டேன்.

அலுமாரியை அரக்கினோம். ரோம்காரப் பெண் எங்களுக்கு வெள்ளைக் கையுறை தந்தாள். நான் வழக்கம்போல இடதுபக்கத்தில் நின்றேன். "அந்தப் பக்கத்தில் அல்ல. இதை வலதிலிருந்து பார்த்துக்கொண்டு வரவேண்டும், அவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்" என்று என்னைப் பிடித்து மறுபக்கம் நிறுத்தினாள். பைன் மரம், நிலா, நாணல், குழம்பிப் பறக்கும் வாத்துகள். அதுவரை எனக்குப் பாடம். "இவை பயந்து எழும்புகின்றன. நாணலுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்" என்று நான் பெரிய அறிவாளிபோல் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டாள். அந்த நாட்டில் அப்படியும் ஒரு கதை உண்டாம், வாத்துகள் கலைவதைக் கண்டு பதுங்கியிருந்த படையைக் கண்டுபிடித்த ஒரு தளபதியின் கதை. எனக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

அப்போது தர்சினி தமிழில் மெல்லச் சொன்னாள், "இல்லை ஐயா. இது இறங்கிற பறவை. காலைப் பாருங்கோ." நான் பார்த்தேன். "எழும்பிப் போற பறவை காலைப் பின்னுக்கு வயித்தோட ஒட்டிவைச்சிருக்கும். இறங்கிறதுதான் இப்பிடி முன்னுக்கு நீட்டும். புரளிறதும் வேகத்தைக் குறைக்கத்தான். எங்கடை குளத்தில ஒவ்வொரு நாளும் பாப்பன். செல்லடிக்கு எழும்பினதையும் பாத்திருக்கிறன், பின்னேரம் வந்து இறங்கினதையும் பாத்திருக்கிறன். ரெண்டும் வேற." இருபத்தாறு வருடம் தூரிகையால் தட்டியவன் நான். அந்த வாத்துகள் எல்லாம் மஞ்சள் கால்களை முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஒரு நாளும் காலைப் பார்க்கவில்லை. குண்டு விழ முன்பே கப்பல் ஏறியவன் நான். கடைசிவரை அதற்குள் கிடந்தவள் அவள்.

பிறகு கடைசி இரண்டு மடிப்பையும் விரித்தோம். அங்கே ஒரு மணல்திட்டு. இறங்கிய வாத்துகள் அதில் இருந்தன. சில மேய்கின்றன, சில கழுத்தைச் சிறகுக்குள் சொருகி நித்திரை கொள்கின்றன. இலையுதிர்காலத்தில் வடக்குக் குளிரிலிருந்து தப்பி வந்து சேர்கிறவை என்று அந்தப் பெண் விளக்கினாள். அந்தப் பக்கத்து நாடுகளில் காட்டு வாத்து என்றால் கடிதத்துக்கும் அடையாளமாம், தூரத்தில் இருப்பவனின் செய்தியைக் கொண்டுவருமாம். உனக்கு எழுதலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. மணல்திட்டின் ஓரத்தில் ஒரு வாத்து மட்டும் நித்திரை கொள்ளாமல் கழுத்தை நிமிர்த்தி நின்றது. அது காவல் வாத்து. மற்றவை தூங்க அது விழித்திருக்கும், ஏதாவது கண்டால் கத்தும். திரும்பத் திரும்பக் கத்தினால் மற்றவை எழும்பி அதைக் கொத்தும் என்று ஒரு பழங்கதை இருக்கிறதாம். சின்யோரா சக்கரக் கதிரையிலிருந்து என்னைக் கையால் காட்டிச் சிரித்தா. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாத்து எதையாவது கண்டுதான் கத்தும். நான் எதைக் கண்டேன்?

வேலை முடிந்து தர்சினி கையுறையைக் கழற்றினாள். சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. சின்யோரா அந்தத் தழும்பைத் தடவி, "இன்னும் மாறவில்லையே, பாவம். என் அடுப்பால் வந்த வினை" என்று ரோம்காரப் பெண்ணுக்குச் சொல்லத் தொடங்கினா. சாந்தா லூசியா திருநாளுக்கு ஊரெல்லாம் அரஞ்சீனாச் சோற்றுருண்டை பொரிப்பார்களே, தர்சினி வந்த முதல் வருடம் அந்த வீட்டுக் குசினியில் கொதித்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததாம். மார்கழி. நான் மன்னாரில் செத்தவீட்டில் நின்ற மார்கழி.

மகன், நீயே யோசித்துப் பார். முகாமில் அவளுக்கு அந்தத் தழும்பு இல்லை. ஊரில் அவளை அறிந்த எவருக்கும் அந்தத் தழும்பு தெரியாது. பிறகு மன்னாரிலிருந்து வந்த கதைக்குள் தழும்பு எப்படி வந்தது? ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நான் மச்சானிடம் கேள்வியாகச் சொன்னேன். மச்சான் இன்னொருவரிடம் கேட்டான், அவர் இன்னொருவரிடம். கடல் தாண்டிப் போன என் கேள்வி பதிலாக உடுப்பு மாற்றிக்கொண்டு எமில்டா அக்காவின் வாயால் என்னிடமே திரும்பி வந்தது. நான் அதற்குக் கதவு திறந்து, கதிரை போட்டு, சாட்சி என்று பெயரும் வைத்தேன். இதுதான் உனக்குத் தெரியாதது. ஊர்க்கதை என்று நான் மேசையில் வைத்தது நான் கட்டிய கதை.

அவள் படியிறங்கும்போது பின்னால் போனேன். முப்பது வருடம் எந்தப் பொலிசுக்கு முன்னாலும் தடுமாறாத நாக்கு அன்று புரளவில்லை. "பிள்ளை, அந்தக் கதை... நான்தான்" என்றேன். அவள் திரும்பி, "தெரியும், மாமா" என்றாள். ஐயா என்று சொல்லவில்லை, மாமா என்றாள். "தழும்பு எண்டு சொன்ன உடனையே விளங்கீட்டுது. அது பலெர்மோவில வந்த தழும்பு. மன்னாரோட கதைக்கிற ஆக்களில, நான் சட்டையை மடிச்சு நிக்கேக்கை பாத்தது நீங்கள் ஒராள்தான்." "அப்ப ஏன் மகனுக்குச் சொல்லேல்லை?" "சொன்னால் அவர் உங்களை அடியோட விட்டிடுவார். எனக்குத்தான் ஒருத்தரும் மிஞ்சேல்லை. அவருக்கெண்டாலும் தகப்பன் இருக்கட்டும்." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டு, "அந்த மூண்டு வருஷத்தைப் பற்றி என்னட்டைக் கேட்டிருக்கலாம், மாமா. இப்பவும் கேக்கலாம்" என்றாள். நான் கேட்கவில்லை. இந்தத் தரம் சந்தேகத்தால் கேட்காமல் விடவில்லை. என்னிடம் சொல்ல அவளுக்கு எந்தக் கடனும் இல்லை. எப்போதாவது தானாகச் சொன்னால் கேட்பேன்.

மச்சானுக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். எமில்டா அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவ தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "நெருப்பில்லாமல் புகையுமோ, தம்பி?" என்றா. "நெருப்பு வைச்சவன் நான்தான், அக்கா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தா. "விளங்குது. பெடியன் வீட்டை விட்டுப் போட்டான், அவனுக்காகச் சொல்லிறாய்" என்றா. பார்த்தாயா, பொய்யைச் சொன்னபோது எனக்குச் சாட்சி கேட்காதவர்கள் உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கும் மண்டபத்தில் எழும்பி நின்று சொல்லப்போகிறேன். பாதரிடம் கேட்டுவிட்டேன். எத்தனை பேர் நம்புவார்கள் என்று தெரியாது. நம்பாவிட்டால் அடுத்த ஞாயிறும் சொல்வேன். அவர்கள் வாயால் நீ இதைக் கேட்க முன் என் கையால் உனக்கு வரவேண்டும் என்றுதான் இந்த அவசரம்.

கலியாணம் செய்யப்போகும் மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது முறை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அவளைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டுமென்றால் அவளிடமே கேள். என்னிடமும் கேட்காதே. உனக்குப் பிள்ளை பிறந்தால் தூக்கிப் பிடித்து நிலாவைக் காட்டு, அதோடு நிறுத்து.

காட்டிக்கொடுத்தவள் என்று நான் பெயர் வைத்தவள், தன் பெயர் தெருவில் கிடக்க, ஐந்து மாதமாக என்னை உன்னிடம் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள். தழும்பைப் பற்றி நீ கேட்டபோது சமையலில் வந்தது என்று மட்டும் சொல்லியிருப்பாள், எந்தக் குசினி என்று சொல்லியிருக்கமாட்டாள். ஆகவே காட்டிக்கொடுக்கும் வேலையை நானே செய்கிறேன். முகத்தில் சாக்கு இல்லை. என் எதிரில் நானே நின்று, கதையைக் கட்டியவன் இவன்தான் என்று தலையை ஆட்டுகிறேன்.

கோயிலில் இடதுபக்க வாங்குகள் பெண் வீட்டாருக்கு என்று அம்மா சொன்னாள். சின்யோராவின் சக்கரக் கதிரை நடைபாதையில்தான் நிற்கும். அவளுக்கு வேறு ஆட்கள் இல்லாததால் இடதுபக்கத்து முதல் வாங்கு வெறுமையாகக் கிடக்கும். நீ சம்மதித்தால், அவளும் சம்மதித்தால், நான் அதில் போய் உட்காருகிறேன். உன் பக்கத்தில் அம்மா இருப்பாள், அது போதும். எனக்குப் பதில் எழுதவேண்டாம். ஓம் என்றோ இல்லை என்றோ அம்மாவிடம் சொல்லி அனுப்பு. அவள் வந்து சொல்வதை நான் அப்படியே நம்புவேன்.

அப்பா